அவை கலைந்த பிறகு: கவிஞரின் தனிமை எங்கிருந்து வருகிறது?

1919ஆம் ஆண்டு மே மாதத்தில் சுப்பிரமணிய பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு சீட்டுக்கவி எழுதினார். பழைய புலவர்கள் அரசர்களுக்கு விடுத்த ஓலைத்தூக்கின் வடிவத்திலேயே அமைந்த செய்யுள் அது. தன் புலமையை எடுத்துரைத்து, அரசவையில் கவிஞருக்கு உரிய வரிசைகளை அதில் கேட்கிறார். பலன் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டின் நடுவில் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது அதில் கண்ட திட்டம். தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் கடனாகத் திரட்ட விரும்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாகத் தன் நூல்கள் விற்கும் என்று மனமார நம்பினார். பணம் சேரவில்லை, திட்டம் அப்படியே நின்றுபோனது.

கவிஞர்கள் ஏன் தனித்துப்போனவர்களாகத் தங்களை உணர்கிறார்கள் என்ற கேள்விக்கு, இந்த இரண்டு விண்ணப்பங்களை விடச் சிறந்த நுழைவாயில் தமிழில் இல்லை. முதல் விண்ணப்பம் போனது, கவிஞரை ஆதரிக்கும் வலுவை இழந்துவிட்ட அரண்மனைக்கு. இரண்டாவது போனது, இன்னும் உருவாகாத வாசகப் பெருந்திரளுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மகாகவி நின்றுகொண்டிருந்தார்.

கவிஞர் என்றாலே தனிமை விரும்பி, மென்மனம் படைத்தவர், உலகத்தோடு ஒட்டாதவர் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. கவிஞரின் தனிமை அவருடைய சுபாவத்திலிருந்து வருகிறது என்பதே அதன் பொருள். இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. எழுதும் நேரத்துத் தனிமை கவிஞரே தேடிக்கொள்வது. அதைத் தாண்டி அவர் படும் தனிமையின் பெரும்பகுதி, அவர் சொல்லைக் கேட்பதற்கு ஒரு சமூகம் ஏற்பாடு செய்யாமல் விட்டதால் விளைவது.

அவை இருந்த காலம்

சங்கப் பாடல்களில் பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்று கணக்கிடுவார்கள். இவர்களில் பலர் கொடிய வறுமையைப் பாடியிருக்கிறார்கள். சமைத்து நெடுநாளான அடுப்பில் காளான் பூத்த காட்சியைப் பெருந்தலைச் சாத்தனார் புறநானூற்றில் பதிவு செய்கிறார். ஆனால் வறுமை வேறு, தனிமை வேறு. பசித்த புலவருக்கும் சொல்ல ஓர் இடம் இருந்தது. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குப் போன மோசிகீரனார், களைப்பில் முரசு கட்டில் என்று அறியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். மரண தண்டனைக்குரிய குற்றம் அது. அரசனோ அவர் விழிக்கும்வரை கவரி வீசி நின்றான். இந்த நிகழ்ச்சியை அரசனின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். அந்தச் சமூகத்தில் புலவரின் இடம் எது என்பதற்கும் அது சான்று.

இன்னும் நேரான சாட்சி பிசிராந்தையாருடையது. வயது ஏறியும் நரை தோன்றாதது எப்படி என்று அவரைக் கேட்கிறார்கள். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட அவருடைய உடலைப் பற்றியதோ புலமையைப் பற்றியதோ இல்லை. மனைவி நற்குணம் நிறைந்தவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தன் எண்ணப்படி நடப்பவர்கள், அரசன் தவறு செய்யாமல் காப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் ஊரில் அடக்கமும் கொள்கையும் கொண்ட சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்கிறார். ஒரு கவிஞர் தன் மனநலத்துக்கான காரணம் முழுவதையும் சுற்றியிருப்பவர்களிடம் வைக்கிறார். நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்தபோது தேடிவந்து உடனிருந்து உயிர்விட்டவர் இவர். தன் சொல்லைத் தொலைவிலிருந்து கேட்ட ஒருவனுக்காக உயிரையே கொடுத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல் இயற்றும் முறையை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளை செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போவார். அருகில் இருப்பவர் ஏட்டில் எழுதிக்கொள்வார். மாணவர்கள் சூழ்ந்திருப்பார்கள். வருவோர் போவோர் இருப்பார்கள். அந்தச் சந்தடிக்கு நடுவில்தான் தலபுராணங்கள் உருவாயின. நூல் முடிந்ததும் கோயிலிலோ மடத்திலோ அரங்கேற்றம். மாணவர் பாடலைப் படிக்க, ஆசிரியர் பொருள் சொல்ல, ஊரார் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இருந்தும் பிள்ளைக்குப் பணமுடை ஓயவில்லை. ஆனால் தன் பாட்டை யார் கேட்பார்கள் என்ற கவலை அவருக்கு வரவே இல்லை.

இந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாடுவது இங்கே நோக்கமன்று. அரசனைப் புகழ வேண்டியிருந்தது. மடத்தின் விருப்பத்துக்கு இணங்க வேண்டியிருந்தது. சாதியும் பாலும் பலரை வாசலிலேயே நிறுத்தின. ஆயினும் அந்த அவை உள்ளே விட்ட கவிஞரை ஒரு விஷயத்தில் கைவிடவில்லை. எழுதியதற்கு மறுமொழி கிடைத்தது.

இரு காலங்களுக்கு நடுவே

பாரதியின் வாழ்க்கையில் இந்த அவையின் கடைசி வெளிச்சத்தையும் அது அணைந்த பிறகான இருட்டையும் சேர்த்தே பார்க்கிறோம். எட்டயபுரத்தில் 11 வயதில் ‘பாரதி’ என்ற பட்டம் பெற்றார். அவைக்குள் பிறந்த கவிஞர் என்றே சொல்லலாம். ஐந்து வயதில் தாயை இழந்தவர். மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடி விளையாடத் தந்தை விடாததால் தோழமையின்றி வருந்தியதை 1910இல் வெளிவந்த ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் சொல்கிறார். சுபாவமே காரணம் என்பவர்கள் இந்த இளமைத் துயரத்தைக் காட்டுவார்கள். ஆனால் அதே பாரதியின் பிற்கால வாழ்க்கை அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

1908இல் சென்னையிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். 1910க்குப் பிறகு அவர் நடத்திய பத்திரிகைகள் நின்றுபோயின, வீட்டைச் சுற்றி ஒற்றர்கள், வருமானம் இல்லை. வெளிப்பார்வைக்கு இதைவிடப் பெரிய தனிமை இருக்க முடியாது. ஆனால் ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ மூன்றும் அந்தப் பத்தாண்டுப் புகலிட வாழ்வில் பிறந்தவை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அரவிந்தர், வ.வே.சு. ஐயர், வ.ரா., பின்னாளில் பாரதிதாசனான கனக சுப்புரத்தினம் என்று ஒரு சிறிய கூட்டம் அவரைச் சுற்றி இருந்தது. பேச்சும் வாதமும் பாட்டும் அங்கே நாள்தோறும் நடந்தன. அரண்மனை அவை போன இடத்தில், அகதிகளும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு புதிய அவையை அமைத்துக் கொடுத்தார்கள்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி கடலூர் அருகே கைதாகி, டிசம்பரில் விடுதலையானார். பிறகு மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். அங்கே உறவினர்கள் இருந்தார்கள். சொந்த மொழி பேசும் ஊர் இருந்தது. ஆனால் அங்கேதான் அவர் மிகவும் தனித்துப்போனார். 1913இல் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தவரை, மனைவியின் தோளில் கைபோட்டு நடக்கத் தயங்காதவரை, அன்றைய அக்ரகாரம் ஏற்கத் தயாராக இல்லை. புதுச்சேரியில் ஆள் குறைவு, செவி இருந்தது. கடையத்தில் ஆள் இருந்தும் செவி இல்லை. மேலே சொன்ன இரண்டு விண்ணப்பங்களும் இந்தக் கடையத்து நாட்களில் எழுதப்பட்டவை என்பது தற்செயல் இல்லை.

1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது அவர் எழுதிய சமர்ப்பணத்தை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். இனிமேல் பிறந்து தமிழில் காவியம் செய்யப்போகிற கவிகளுக்கும், அந்தக் கவிகளுக்குத் தக்கபடி பணிசெய்யப்போகிற பிரபுக்களுக்கும் அந்த நூலைக் காணிக்கையாக்குகிறார். தன் காலத்தவர் எவரையும் அவர் குறிப்பிடவில்லை. எதிர்காலக் கவிஞரை நினைக்கும் அதே மூச்சில் அந்தக் கவிஞரைத் தாங்கும் மனிதரையும் நினைக்கிறார். தனக்கு எது இல்லை என்பதை அவர் தெளிவாகவே அறிந்திருந்தார். நூலின் முன்னுரையிலோ, எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் வேண்டும் என்கிறார். தன் புதிய அவை எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான். கவிஞர் தயாராக இருந்தார். வாசகரை உருவாக்க வேண்டிய பள்ளிகளும் நூலகங்களும் பதிப்பகங்களும் தயாராக இல்லை.

1921 செப்டம்பரில், 38 வயதில் பாரதி இறந்தார். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை. ‘பாஞ்சாலி சபத’த்தின் இரண்டாம் பாகம் அச்சில் வந்தது அதற்குப் பிறகுதான். 1947இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறந்தபோது தமிழ்நாடே திரண்டது. 1949இல் அரசு அவருடைய நூல்களை உடைமையாக்கியது. கவிதையில் ஒரு சொல்கூட மாறவில்லை. இடைப்பட்ட காலத்தில் மாறியது கேட்கும் சமூகம்தான்.

படிமமும் ஆய்வுகளும்

தனிமையில் வாடும் கவிஞர் என்ற படிமம் நமக்கு ஆங்கிலக் கல்வியோடு வந்து சேர்ந்தது. இருளில் அமர்ந்து தன் தனிமையைத் தேற்றிக்கொள்ளப் பாடும் பறவையாகக் கவிஞரைச் சித்திரித்தவர் ஷெல்லி. கவிதைக்கு ஆதரவாக 1821இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தச் சித்திரம் வருகிறது. பாரதி இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். ஐரோப்பாவிலும் பிரபுக்களின் ஆதரவு தேய்ந்து, அச்சுச் சந்தை எழுந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த படிமம் இது. கேட்பவர் யாரென்று கண்ணுக்குத் தெரியாமல்போன காலத்தில்தான், தனிமையே கவிஞரின் இலக்கணம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உளவியலாளர்கள் இதை அளந்து பார்க்க முயன்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 1987இல் வெளியிட்ட ஆய்வில், அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களை, மற்றத் தொழில் செய்யும் 30 பேரோடு ஒப்பிட்டார். எழுத்தாளர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் வாழ்வில் ஒருமுறையேனும் மனநிலைக் கோளாறு வந்திருந்தது. ஜேம்ஸ் காஃப்மன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்த எழுத்தாளர்கள் 1,987 பேரின் ஆயுளைக் கணக்கிட்டு, கவிஞர்கள் சராசரியாக 62 வயதிலும் புனைவல்லாத எழுத்தாளர்கள் 68 வயதை ஒட்டியும் இறந்ததாகக் கண்டார். இந்த எண்களை வைத்துக்கொண்டு கவிதைக்கும் துயரத்துக்கும் ரத்த உறவு உண்டு என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் ஆண்ட்ரியாசெனின் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலர். ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள். காஃப்மனின் கணக்கு, கவிஞர்கள் முன்னதாக இறந்தார்கள் என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஷானன் ஸ்டர்மன், ஜேம்ஸ் பென்னிபேக்கர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்களையும், அப்படி இறக்காத ஒன்பது கவிஞர்களையும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 300 கவிதைகளின் சொற்களைக் கணினியால் எண்ணிப் பார்த்தார்கள். முதல் குழுவினரின் கவிதைகளில் தன்னைச் சுட்டும் சொற்கள் கூடுதல்; பலரைச் சேர்த்துச் சுட்டும் சொற்கள் குறைவு. சோகத்தைச் சொல்லும் சொற்களை விட, பிறரோடு உள்ள தொடர்பைக் காட்டும் சொற்களே இரு குழுவையும் பிரித்தன. அதாவது, அபாயத்தின் அடையாளம் துயரத்தைப் பாடுவது அல்ல. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு அற்றுப்போவதுதான்.

நிராகரிப்பு கவிஞரை வளர்க்கும் என்று சொல்பவர்கள் உண்டு. 2013இல் ஷாரன் கிம்மும் உடனாய்வாளர்களும் நடத்திய பரிசோதனைகள் அதில் பாதி உண்மை இருப்பதைக் காட்டின. ஒதுக்கப்பட்ட பிறகு சிலருடைய படைப்புத்திறன் கூடியது. ஆனால் தான் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்ற தன்னுணர்வு முன்பே உள்ளவர்களுக்கு மட்டுமே அது நடந்தது. ஒதுக்குவது படைப்பாளியை உருவாக்கும் வழி என்று எந்தச் சமூகமும் இதைக்கொண்டு தேற்றிக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். தனிமை உணர்வு வேறு, மனநோய் வேறு. ‘ழ’ இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாமுக்கு நண்பர்கள் இருந்தார்கள், இதழ் இருந்தது, 1981இல் ‘காகிதத்தில் ஒரு கோடு’ தொகுப்பும் வந்தது. ஆயினும் மனநோய் அவரை வாட்டியது. 1984இல், 33 வயதில், அவரை இழந்தோம். நோய்க்கு வேண்டியது மருத்துவமும் பராமரிப்பும். அதைக் கவிஞரின் மேன்மையாக ஏற்றிப் போற்றுவது, உதவி தேவைப்படும் மனிதரை உதவியிலிருந்து விலக்கிவைக்கும் கொடுமை.

அடைத்த கதவும் திறந்த தபாலும்

சுபாவம் அல்ல, சூழலே தனிமையை விளைவிக்கிறது என்பதற்கு நம் காலத்துச் சான்று கவிஞர் சல்மா. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் வளர்ந்தவர். 13 வயதில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் முடக்கப்பட்டார். திருமணத்துக்குப் பிறகு எழுதுவதையே மறைக்க வேண்டியிருந்தது. புனைபெயரில் எழுதிய கவிதைகள் தாயின் உதவியோடு வெளியே போய்ச் சேர்ந்தன. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வந்தது. 2001இல் அவர் ஊரின் பேரூராட்சித் தலைவரானார். பின்னர் நாடாளுமன்றம்வரை சென்றார். இவரைத் தனிமையை நாடும் சுபாவம் கொண்டவர் என்று யாரால் சொல்ல முடியும்? கதவை அடைத்தபோது தனித்திருந்தார். திறந்தபோது ஊரையே நிர்வகித்தார்.

பெண்ணாகவோ, ஒடுக்கப்பட்ட சாதியிலோ பிறந்து கவிதை எழுதுபவருக்குத் தனிமை இரட்டிப்பாகிறது. எழுதும் நேரத்துத் தனிமை அவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. வெளியே விடாத தனிமை கேளாமலே வந்துவிடுகிறது.

கவிஞர்கள் இந்த நிலையை வாளாவிருந்து ஏற்றுக்கொள்ளவில்லை. தங்கள் அவையைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். பெரிய பத்திரிகைகள் புதுக்கவிதையைக் கவிதையென்றே ஒப்புக்கொள்ளாத காலம் அது. ந. பிச்சமூர்த்தி போன்ற மூத்தவருக்கு அருகில், முகம் தெரியாத இளைஞர்களின் கவிதையும் அச்சாயிற்று. இலங்கையின் திருகோணமலையில் இருந்த பிரமிள் இருபது வயதை ஒட்டி அனுப்பிய கவிதைகள் அங்கே இடம்பெற்றன. 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். செல்லப்பா புத்தக மூட்டைகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சந்தா கட்டிய சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஒரு கவிதை இயக்கம் வேர்விட்டது. கடலுக்கு அப்பால் தனியே உட்கார்ந்து எழுதியவருக்குத் தன்னைப் படிக்கும் ஒரு சிறு கூட்டம் தபாலில் கிடைத்தது.

கவிஞருக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை என்பதை இது காட்டுகிறது. புதுச்சேரியில் பாரதிக்கு இருந்தவர்கள் சிலர்தான். ‘எழுத்து’ வாசகர்களும் சிலர்தான். ஆனால் அந்தச் சிலர் உண்மையாகப் படித்தார்கள், வாதாடினார்கள், மறுமொழி சொன்னார்கள்.

நம் பொறுப்பு

கவிஞருக்கு வாய்க்கும் தனிமை அனைத்தையும் போக்கிவிட முடியாது, போக்கவும் கூடாது. சொல்லைத் தேடும் நேரத்தில் அவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பழகிய பேச்சில் அடங்காத ஒன்றை முதன்முதலாகச் சொல்பவருக்கு, அதை உடனே புரிந்துகொள்ளும் ஆள் கிடைப்பது அரிது. இந்த விலையை எந்தக் காலத்துக் கவிஞரும் கொடுக்கவே செய்வார். ஆனால் எழுதி முடித்த பிறகும் அவரை மௌனத்தில் விட்டுவைத்து, அந்த மௌனத்துக்குக் ‘கவிஞர் என்றால் அப்படித்தான்’ என்று காரணம் கற்பிப்பது நியாயம் இல்லை.

இன்று படிப்பறிவுக்குக் குறைவில்லை. அச்சிடுவது எளிதாகியிருக்கிறது. பாரதி கனவு கண்ட வாசகர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். ஆகவே நம்மிடம் சாக்கு எதுவும் இல்லை. உங்கள் ஊரில், உங்கள் மாவட்டத்தில், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கவிஞரின் நூலை விலைகொடுத்து வாங்குங்கள். இனாமாகக் கேட்காதீர்கள். முழுவதும் படியுங்கள். பிடித்த கவிதை எது, பிடிபடாதது எது என்று அவருக்கு நான்கு வரி எழுதுங்கள். பள்ளி ஆசிரியராக இருந்தால், மறைந்தவர்களின் கவிதையோடு வாழ்பவர் ஒருவரின் கவிதையையும் வகுப்பில் வாசியுங்கள்; முடிந்தால் அவரையே அழைத்துவந்து பிள்ளைகளோடு பேச வையுங்கள். நூலகராக இருந்தால் மாதம் ஒருமுறை கவிதை வாசிக்க ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். இறந்தவருக்கு மண்டபம் கட்டுவதை விட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கவிஞர் உயிரோடு இருக்கும்போதே அது அவருக்குப் போய்ச் சேரும்.